நாலாவது முகம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். புரை எடுத்த என் வலது கண்ணின் மேலும், இன்னும் எடுக்காத இடது கண்ணின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன். மிகைப்படுத்திப் பேசுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. என் சித்தப்பா ஒருவர் முதலையின் முதுகில் ஏறிக் காவிரியைக் கடந்தபோதுகூட, அது சின்ன முதலைதான் என்று கடைசிவரை அடக்கமாகவே சொல்லிவந்தார்.

ஹைதராபாத், குகட்பள்ளி, ஹவுசிங் போர்டு காலனி. 2009-ஆம் வருஷத்துக் கோடை. சக்ரபாணியின் கம்ப்யூட்டரில் போட்ட மூன்றாவது சாஃப்ட்வேர், மூன்று பேர் உட்கார்ந்திருந்த படத்தில் நான்கு முகங்களைச் சுற்றிக் கட்டம் போட்டது. ஆரம்பம் அவ்வளவுதான். முதல் இரண்டு சாஃப்ட்வேரில் ஏதாவது ஒன்று ஒழுங்காக வேலை செய்திருந்தால் அவர் மூன்றாவதைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பதால், அவை இரண்டையும் முதலில் திட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சக்ரபாணி பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். பறக்கிற ஏவுகணையின் மூக்கை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்ட மனிதர். ஓய்வு பெற்றதும் பிள்ளை அச்யுத் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கித் தந்தான். அன்று முதல் வீட்டில் ஓடாமல் நிற்கிற எல்லாமே படமாயிற்று: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, மதில்மேல் காக்கை, வராந்தாவில் கேஸ் சிலிண்டர், அடுப்படியில் மனைவி கல்பகத்தின் முதுகு. மனிதரை எடுத்தால் தலை வெட்டுப்பட்டது. தலை தப்பித்தால் படம் இருட்டாக விழுந்தது. இதையெல்லாம் சரிசெய்ய சாஃப்ட்வேர் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எது நல்லது என்று கேட்கப்போய், ஆளுக்கொன்றைச் சொல்லி மற்றதையெல்லாம் குப்பை என்றார்கள். காலனி முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த வாணியம்பாடிக்காரர் நூர் முகமது மட்டும் மூன்று சிடிகளைக் கையில் திணித்து, "மூணையும் போட்டுப் பாருங்க சார். எது படியுதோ அதை வச்சுக்குங்க. மத்தது நக்கோ, வேணாம்" என்றார்.

மூன்று சிடிகளும் வாரக்கணக்கில் மேஜைமேல் கிடந்தன. சக்ரபாணி மூன்றின் அட்டைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஒப்பிட்டார். மறுபடியும் படித்தார்.

"ஏதாவது ஒண்ணைப் போடுங்கோளேன். பொண்ணு பார்க்கறாப்பல பார்த்துண்டே இருக்கேளே" என்றாள் கல்பகம்.

தில்லியில் வேலை பார்க்கும் அச்யுத்தும் அவன் மனைவி சாருலதாவும் விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாளில்தான் சிடியைப் போட வேண்டிய அவசரம் வந்தது. அன்று காலை, பெட்டிகளெல்லாம் வாசலுக்குப் போன பிறகு, கல்பகத்தை ஹால் சோபாவின் நடுவில் உட்காரவைத்து, இந்தப் பக்கம் பிள்ளையும் அந்தப் பக்கம் நாட்டுப்பெண்ணுமாக ஒரு படம் எடுத்தார். எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். யார் தலையும் வெட்டுப்படவில்லை. யாரும் கண்ணை மூடவில்லை.

டாக்சி கிளம்பி, மத்தியானச் சாப்பாடு முடிந்து, கேமராவின் குட்டித் திரையில் அதைப் பார்த்த கல்பகத்தின் கை அப்படியே நின்றது.

"ஏன்னா. இதுல தேங்காய் எங்கே?"

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டால் மூவரில் ஒருவர் போய்விடுவார் என்பது எல்லார் வீட்டிலும் சொல்கிறதுதான். கல்பகத்தின் பிறந்த வீட்டில் அதற்குப் பரிகாரமும் வைத்திருந்தார்கள். மூன்று பேராக நிற்க நேர்ந்தால் யாராவது ஒருவர் மடியில் குடுமித் தேங்காய் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய்க்குக் கண் இருக்கிறது, குடுமி இருக்கிறது, ஆள் கணக்கில் சேரும். அச்யுத்தின் ஆண்டுநிறைவுப் படத்தில்கூட அப்பா, அம்மா, குழந்தை, தேங்காய் என்று நால்வரும் இருக்கிறார்கள். நால்வரில் தேங்காய்தான் கேமராவை நேராகப் பார்க்கிறது.

"பெட்டி எடுக்கற அவசரத்துல மறந்துடுத்து. அழிச்சுடறேன் விடு."

"அழிக்கறதாவது? மூணு பேரையும் ஒரேயடியா அழிக்கப்போறேளா? குழந்தைகள் பிளேன்ல ஏறியிருப்பா இந்நேரம். வாயைக் கழுவுங்கோ முதல்ல." கேமராவை அவர் கையில் திணித்தாள். "கம்ப்யூட்டர்ல இல்லாததைச் சேர்க்கலாம், இருக்கறதை எடுக்கலாம்னு சொல்லிண்டே இருந்தேளே. நாலாவதா ஒண்ணைச் சேருங்கோ. அவா தில்லில இறங்கறதுக்குள்ள."

"தேங்காயையா?"

"தேங்காயோ நீங்களோ. எது சுலபமோ அது."

சக்ரபாணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றாலும் சமையலறையிலிருந்து ஒரு தேங்காயைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் கவனமாகப் படம் எடுத்தார். பின்கட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்த மேஜை. முதுகுக்குப் பின்னால் வாசற்படி, அதில் பச்சைத் திரை, திரைக்கு அப்பால் ஹால்.

முதல் சாஃப்ட்வேர் அரைமணி நேரம் உட்கார்ந்து தன்னைத் தானே நிறுவிக்கொண்டது. தேங்காயைக் கத்தரித்து மடியில் வைப்பதற்குள் அவர் விரல்கள் மரத்துப்போயின. வைத்துவிட்டார். கச்சிதமாகவே இருந்தது. சேமிக்கச் சொன்னதும், பதிவு செய்யாத ஆசாமி நீ என்று குற்றம் சாட்டிவிட்டு, தன் பெயரைச் சாம்பல் நிறக் கொட்டை எழுத்தில் படத்தின் குறுக்கே அச்சடித்துக்கொண்டது. எழுத்துகள் சரியாக மூன்று முகங்களின் மேலும் ஓடின. தேங்காய்மேல் மட்டும் படவில்லை.

திரையை விலக்கி எட்டிப் பார்த்த கல்பகம், "பேப்பர்ல எழுத்தை அடிச்சுப் போடறாப்பல மூஞ்சியை அடிச்சுட்டேளே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹாலில் அவள் கந்த சஷ்டி கவசம் முணுமுணுப்பது கேட்டது.

இரண்டாவது சாஃப்ட்வேர் இலவசமாம். இலவசம் என்பதற்கு அர்த்தம் போகப்போகத் தெரிந்தது. அதில் எல்லாமே அடுக்கு. தேங்காய் ஓர் அடுக்கு, சோபா ஓர் அடுக்கு. தேங்காயைப் பிடித்து இழுத்தால் சோபா நகர்ந்தது. சோபாவைப் பழைய இடத்தில் வைத்தால் தேங்காய் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இந்த அடுக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்றது. யார் பூட்டியது என்று கேட்டால் பதிலில்லை. கருவிப்பெட்டி இருந்த ஜன்னல் ஒருதரம் காணாமல் போய், கண்டுபிடிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டியது. ஏவுகணைகூட இவ்வளவு அடம் பிடித்ததில்லை. அது விழுந்தால் ஒரே இடத்தில் விழும். கடைசியில் எதையோ அழுத்தியபோது தேங்காய் துள்ளி மேலே வந்து, அச்யுத்தின் கழுத்துக்கு மேல், தலை இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. மூன்று கண்ணும் அவரையே பார்த்தன.

சக்ரபாணி அவசரமாக அந்த சாஃப்ட்வேர் ஜன்னலை மூடினார். கல்பகம் பார்க்கவில்லை. ஆனால் மூடிய பிறகும் அந்தப் படம் அவர் கண்ணிமைக்குள் இருந்தது.

வெளியே வானம் மஞ்சளாகி, புழுதிக்காற்று கிளம்பியது. ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலைகளின் நாற்றம் சாயங்காலமானால் காலனிக்குள் வரும். அழுகிய பழத்தில் ஸ்பிரிட் ஊற்றியது போன்ற ஒரு தித்திப்பு. அன்று அது சீக்கிரமே வந்தது. ஜன்னலைச் சாத்தினார். நாற்றம் குறையவில்லை. அது ஜன்னல் பக்கமிருந்து வராமல் முதுகுப் பக்கமிருந்து வருவதாகத் தோன்றியது. எரிச்சலில் மூக்கும் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டு நூர் முகமதுவுக்குப் போன் செய்தார்.

"ஒண்ணும் படியலைய்யா. ஒரு தேங்காயை வைக்க முடியல. என்ன எழவு சாஃப்ட்வேர் கொடுத்தீர்?"

"கைக்கு சார், எதுக்கு இந்த டென்ஷன்? மூணாவதைப் போட்டீங்களா?"

"இல்லை."

"அதைப் போடுங்க. புதுசு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுவே படத்துல யார் யார் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுக்கும். பேர் மட்டும் கேக்கும். சொல்லிடுங்க."

"சொல்லாட்டா?"

"அரே சார், சொல்லிட்டா என்ன போச்சு? சொல்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்கும்."

மூன்றாவது சாஃப்ட்வேர் சத்தமே இல்லாமல் ஏறியது. எதையும் கேட்கவில்லை. காலையில் எடுத்த படத்தைத் தானே திறந்து, கல்பகத்தின் முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் போட்டது. அச்யுத்துக்கு ஒன்று. சாருலதாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில், இவர் யார்? அப்பாடா, மரியாதை தெரிந்த ஒரு சாஃப்ட்வேர் என்று சக்ரபாணி மூன்று பெயர்களையும் அடித்தார்.

சோபாவுக்குப் பின்னால், பச்சைத் திரையின் ஓரத்தில், நாலாவதாக ஒரு கட்டம் இருந்தது.

இவர் யார்?

பெரிதாக்கிப் பார்த்தார். திரையின் மடிப்பும் இருட்டும்தான். மேலும் பெரிதாக்கினார். இருட்டுக்குள் வெளுப்பாக ஒன்று, தண்ணீரில் ஊறிய அப்பளம் போல, ஆளுயரத்தில். கண் என்றோ மூக்கு என்றோ சொல்லும்படி ஒன்றும் இல்லை. துணியில் விழுந்த வெளிச்சம். மடிப்பு. மஞ்சள் கறை. அந்தப் படம் எடுக்கும்போது இந்த அறையில் யாரும் இல்லை. வீட்டிலிருந்த மற்ற மூவரும் சோபாவில். அவர் கேமராவுக்குப் பின்னால்.

அந்தத் திரை இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அது லேசாக அசைகிற சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தியிருந்தார்.

"ஆச்சா?" என்றாள் கல்பகம் ஹாலிலிருந்து. "இறங்கற நேரம் ஆறதே."

பைத்தியக்காரத்தனம், இருந்தாலும், இவள் நிம்மதியாக வேண்டும், பிள்ளை பத்திரமாக இறங்க வேண்டும். வேண்டியது நாலாவது ஆள். சாஃப்ட்வேரே ஓர் ஆளைக் கொடுத்திருக்கிறது. தேங்காயோ நீங்களோ என்றாளே. கட்டத்துக்குக் கீழே தன் பெயரை அடித்தார்.

சக்ரபாணி.

நன்றி என்றது சாஃப்ட்வேர்.

"ஆச்சு," என்று குரல் கொடுத்தார். "நாலாக்கியாச்சு."

"அப்பாடா" என்றாள்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றுகளை முனகிச் சுற்றி நின்றது. தெருவில் காற்று புழுதியை வாரி ஜன்னல் கண்ணாடியில் இறைத்தது. மேஜைக்கடியில் இருந்த யூபிஎஸ் பெட்டி விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. இருண்ட அறையில் கம்ப்யூட்டர் திரை மட்டும் நீலமாக எரிய, அதில் ஒரு பட்டை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் பெயரைக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அந்தப் பெயருக்குரியவரை மற்றப் படங்களில் தேடுகிறது.

அவர் எடுத்த படங்களில். அவரே எடுத்ததால் அவர் எதிலுமே இல்லாத படங்களில்.

முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டிக்கு அப்பால், கீழே, தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் அருகில், குண்டூசித் தலையளவு ஒரு கட்டம். இவரும் சக்ரபாணியா? கீழே இரண்டு பொத்தான்கள், ஆமாம், இல்லை.

இல்லை என்று அழுத்தினார்.

காக்கை. மதிலுக்கு வெளியே, கேட்டின் கம்பிகளுக்கு நடுவில். இவரும் சக்ரபாணியா?

இல்லை.

கேஸ் சிலிண்டர். வராந்தா கிராதியைப் பிடித்தபடி. இப்போது அந்த உருவத்துக்கு நெற்றி இருந்தது. நெற்றியில் அவருடைய வழுக்கை.

இல்லை.

கல்பகத்தின் முதுகு. அடுப்பின் நீலச் சுடர், தாளிக்கிற புகை, அவள் தோளுக்கு ஒரு சாண் பின்னால், ஃபிரிட்ஜின் நிழலில், அவள் கழுத்தை முகர்வதுபோலக் குனிந்து. அதற்குக் கண்ணாடி இருந்தது. இடது தண்டில் நூல் சுற்றிய கண்ணாடி. அது சக்ரபாணியின் மூக்கின் மேலும் இருந்தது.

இல்லை. இல்லை. மவுஸ் வழுக்கியது. கை வியர்த்திருந்தது. பெயரை அழிக்க ஓர் இடம் இருக்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறான்? மேலே இல்லை. வலதுபக்கம் இல்லை. உதவி என்ற இடத்தை அழுத்தினால் இன்டர்நெட் இல்லை என்கிறது. பொறுமை போய், பயமும் ஆத்திரமும் ஒன்றாகிக் கீபோர்டை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டது சாஃப்ட்வேர்.

நன்றி.

காலைப் படம் தானாகத் திறந்தது. கல்பகம். அச்யுத். சாருலதா. சோபாவுக்குப் பின்னால், திரையை விலக்கிக்கொண்டு, ஒரு கையைக் கல்பகத்தின் தோளில் வைத்து, சக்ரபாணி. சிரித்துக்கொண்டு. அருமையான படம். யார் தலையும் வெட்டுப்படவில்லை.

பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் இப்போது யாரும் ஒளிந்திருக்கவில்லை. திரை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

யூபிஎஸ் கத்தல் வேகமானது. அந்தத் தித்திப்பு நாற்றம் நின்றுவிட்டிருந்தது.

ஹாலில் போன் மணி அடித்தது.

எழுந்து போக வேண்டும். பிள்ளையாகத்தான் இருக்கும். எழ முயன்றார். நாற்காலியை உணர முடியவில்லை. தொடையை உணர முடியவில்லை. மணி அடித்தது. மறுபடி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுடா அச்யுத். இறங்கியாச்சா? சந்தோஷம்."

அது அவருடைய குரல்.

"அம்மா காலைலேர்ந்து ஒரே புலம்பல். படத்துல தேங்காய் இல்லையாம். சரிபண்ணிட்டேன்டா. நாலு பேரும் இருக்கோம்."

கல்பகம் சிரித்தாள். அன்று முழுக்கச் சிரிக்காதவள். "சமர்த்துதான் போங்கோ. காபி கலக்கட்டுமா?"

"கொஞ்சம் ஸ்ட்ராங்கா."

சக்ரபாணி ஸ்ட்ராங்காகக் குடிப்பதில்லை. கல்பகம், என்று கூப்பிட்டார். கூப்பிட்டதாக நினைத்தார். வாய் எங்கே இருக்கிறது? கல்பகம். கல்பகம்.

"உள்ள யாரோ கூப்பிட்டாப்பல இருந்ததே" என்றாள் அவள்.

"யூபிஎஸ் கத்தறது. அணைச்சுட்டு வரலாம் வா."

காலடிகள். ஒரு ஜோடி அவளுடையது. இன்னொரு ஜோடி, இடது செருப்பை லேசாக இழுத்து வைக்கும் அவருடையது. எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வெளிச்சம் சுவரில் ஏறியது. யூபிஎஸ் ஒரே மூச்சாய் ஊளையிட்டு ஓய்ந்தது. கம்ப்யூட்டர் திரை அணைந்து, கறுப்புக் கண்ணாடியானது.

கண்ணாடியில் அறை தெரிந்தது. ஒதுக்கிய பச்சைத் திரை. விளக்கைத் தூக்கிப் பிடித்த கல்பகம். அவள் தோளில் கை வைத்து அவர். முன்னால் நாற்காலி.

நாற்காலியில் ஒரு தேங்காய்.

அது மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரம்பத்திலேயே சத்தியம் செய்திருப்பதால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குகட்பள்ளி சக்ரபாணிக்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை. மற்றதெல்லாம் சொன்னபடியே நடந்தது.